சின்னப் படகுக்கு இரண்டாவது டேங்க்: யாருக்குத் தேவை, எப்படி வைப்பது?

மேட்டூர் அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். ஆனால் அது தேக்கும் தண்ணீர் நிறையும்போது பின்னோக்கி ஒகேனக்கல் பக்கம் வரை ஏறி நிற்கும். அந்த நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையில் ஏமனூர், ஒட்டனூர், நாகமரை என்று தர்மபுரி மாவட்டத்து ஊர்கள் இருக்கின்றன. அங்கே மீன் பிடிப்பவர்களில் பலர் பரிசல்காரர்கள். பரிசலுக்கு எரிபொருள் என்றால் காலையில் சாப்பிட்டுவிட்டு வரும் ராகிக் களிதான். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

எஞ்சின் வைத்த சின்னப் படகு வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: "கூடவே இன்னொரு டேங்க் வைத்துவிட்டால் என்ன?" கரையோரத்தில் பெட்ரோல் பங்க் கிடையாது. மேட்டு ஊரிலிருந்து கேனில் வாங்கி, வண்டியில் கட்டி இறக்க வேண்டும். நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றால் கை காட்டினாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே கேள்வி நியாயமானது. கிருஷ்ணகிரி அணையில் இது எழவே எழாது; அந்த ஏரியின் அளவுக்குத் துடுப்பே போதும். மேட்டூர் நீர்த்தேக்கம் அப்படியல்ல. 120 அடி நிறைந்து நிற்கும்போது அது ஒரு சின்னக் கடல்.

முதலில் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்போம்

டேங்க் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் வகையாக இருந்தால், முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.4 லிட்டர் குடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சுமார் 0.3. டீசல் எஞ்சின் இன்னும் சிக்கனம், 0.2 முதல் 0.25 வரை. இவை தோராயக் கணக்குகள். உங்கள் எஞ்சினின் உண்மையான கணக்கு வேண்டுமென்றால், டேங்கை ஒரு கோடு வரை நிரப்பி, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடி அதே கோடு வரை லிட்டர் குவளையால் அளந்து ஊற்றிப் பாருங்கள். விளம்பரத் தாளைவிட இது நம்பகமானது.

உதாரணத்துக்கு 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக். முழு வேகத்தில் மணிக்கு 3.2 லிட்டர். நாகமரையில் கிளம்பி ஒரு மணி நேரம் மேலே போய், வலை எடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்புகிறீர்கள் என்றால் 6.4 லிட்டர் செலவு. படகுக்காரர்களிடையே உலகெங்கும் ஒரு வழக்கம் உண்டு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. அதாவது செலவோடு அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 6.4 லிட்டரோடு 3.2 சேர்த்தால் 9.6 லிட்டர். 12 லிட்டர் கேன் ஒன்று போதும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றாலும் 19.2 லிட்டர்தான், 25 லிட்டர் டேங்க் ஒன்றே சமாளித்துவிடும்.

இதைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உண்மை அதுதான். நம் நீர்த்தேக்கத்தில் ஓடும் சின்னப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தூரத்துக்காக இரண்டாவது டேங்க் தேவையில்லை. எஞ்சினோடு ஒட்டியே வரும் இரண்டு மூன்று லிட்டர் சிறு டேங்கை மட்டும் நம்பி ஓட்டுபவருக்குத் தேவை. நாள் முழுக்க ஆட்களையோ மீனையோ ஏற்றி இறக்குபவருக்கும் தேவை.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் வைக்க வேண்டும்? மாற்றுக்காக. ஒரு டேங்கில் தண்ணீர் கலந்துவிட்டது, தூசி அடைத்துவிட்டது, ஓஸ் கிழிந்துவிட்டது என்றால், தனியாக நிற்கும் இன்னொரு டேங்க் உங்களைக் கரை சேர்க்கும். இரண்டாவது டேங்கின் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதை ஒப்புக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகிவிடும். இரண்டு டேங்கும் எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்றையொன்று சாராமல் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நல்லது. இரண்டையும் ஒரே குழாயில் கோத்துவிட்டால், கெட்ட எண்ணெயும் சேர்ந்தே வரும்.

கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு. தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நேரத்தை வைத்துப் போடுங்கள். ஆடிக் காற்று எதிரே வீசும்போது அதே தூரத்துக்கு நேரம் கூடும். டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12ஆம் தேதி அணை திறப்பதும் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவதும் வழக்கம். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரை உள்ளே போகும். ஐப்பசியில் வாசல் பக்கத்தில் கட்டிய படகை மாசியில் வெகுதூரம் நடந்து போய்த்தான் ஏற வேண்டியிருக்கும். நிறைந்த டேங்கைச் சேற்றில் தூக்கிப் போவது யார் என்பதையும் டேங்கின் அளவை முடிவு செய்யும்போது யோசியுங்கள்.

எடை எங்கே உட்காருகிறது

பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ, டீசல் சுமார் 0.83 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல் என்றால் பதினெட்டரை கிலோ. டேங்கோடு சேர்த்தால் இருபதைத் தாண்டும். 60 லிட்டர் டீசல் ஐம்பது கிலோ. சின்னப் படகில் இது இன்னொரு ஆள் ஏறியதற்குச் சமம். ஒரே வித்தியாசம், ஆளிடம் "அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரப்பா" என்று சொல்லலாம்.

படகின் பின்பக்கத்தில் எஞ்சின் ஏற்கெனவே தொங்குகிறது. ஓட்டுபவரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். முதல் டேங்கும் அவர் காலடியில். இரண்டாவதையும் அங்கேயே வைத்தால் பின்புறம் அமிழ்ந்து முன்புறம் தூக்கிக்கொள்ளும். அலை வந்தால் பின்பலகை வழியாகத் தண்ணீர் ஏறும், எஞ்சினும் கூடுதலாகக் குடிக்கும். இரண்டாவது டேங்குக்குச் சரியான இடம் படகின் நீளத்தில் நடுவுக்குக் கிட்டே, அகலத்தில் நேர் நடுவே, கூடிய மட்டும் தாழ்வாக. அங்கே வைத்தால் எண்ணெய் தீரத் தீரப் படகின் சமநிலை அதிகம் மாறாது.

பாதி நிறைந்த டேங்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடந்து பாருங்கள், பிறகு அதே தண்ணீரைச் செம்பில் ஊற்றி நடந்து பாருங்கள். தாம்பாளத்துத் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். அகலமான, தட்டையான டேங்க் படகில் இதையே செய்கிறது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் எண்ணெயும் இடப்பக்கம் ஓடி அந்தச் சாய்வைக் கூட்டும். இந்த விளைவு டேங்கின் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப வளர்கிறது. அகலம் இரண்டு மடங்கானால் ஆபத்து எட்டு மடங்கு. மாறாக, அகலத்தை நடுவில் முழுத் தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்தால் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஓட்டை வைத்த தடுப்புத் தகடு எண்ணெய் தளும்பும் வேகத்தைத்தான் குறைக்கும். எண்ணெய் மெதுவாகச் சாய்ந்த பக்கம் சேர்வதைத் தடுக்காது. ஆகவே உட்காரும் பலகைக்குக் கீழே படகின் முழு அகலத்துக்கும் ஒரு தட்டை டேங்க் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், இடம் மிச்சமாகிறதே என்று சம்மதித்துவிடாதீர்கள். குறுகலான இரண்டு டேங்க் அதைவிட எவ்வளவோ மேல்.

எங்கே வைத்தாலும் கட்டி வையுங்கள். அடியில் கட்டை அடித்து, மேலே பெல்ட் போட்டு இறுக்கினால் போதும்.

பெட்ரோல் அவுட்போர்டுக்கு: மாற்றி மாட்டும் டேங்க்

சின்ன அவுட்போர்டுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்றுதான். எஞ்சினோடு வருவதைப் போன்ற கையில் தூக்கும் டேங்க் இன்னொன்று, அதற்கென்று சொந்தமாக ஓஸ், நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப் உருண்டை, எஞ்சினில் மாட்டும் கனெக்டர் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். முதல் டேங்க் தீர்ந்தால் கனெக்டரைக் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். வால்வு கிடையாது, குழாய் இணைப்பு கிடையாது, தண்ணீருக்கு நடுவில் குழம்ப வேண்டியதும் கிடையாது. ஓஸைப் பொதுவாக வைத்துக்கொண்டு டேங்கை மட்டும் இரண்டாக்கினால் காசு மிச்சம்தான். ஆனால் தகராறு பெரும்பாலும் ஓஸிலும் கனெக்டரிலும்தான் வரும் என்பதால் அந்த மிச்சம் வீண்.

ரப்பர் உருண்டையின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். புது டேங்க் மாட்டியதும் அம்பு மேல்நோக்கி இருக்கும்படி உருண்டையை நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். நாலைந்து அழுத்தில் கெட்டியாகும். எத்தனை அழுத்தியும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். உருண்டை சப்பையாக உறிஞ்சப்பட்டு எஞ்சின் பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறி நின்றால் வேறு காரணம்: டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்கள். எண்ணெய் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. புதிதாக ஓட்டுபவர்கள் பலர் எஞ்சினைப் பிரித்துப் போட்டபிறகுதான் இந்தத் திருகைக் கவனிக்கிறார்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இரண்டு டேங்கிலும் 2டி ஆயில் கலந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 50க்கு 1 என்ற கலவைக்கு 25 லிட்டரில் அரை லிட்டர் ஆயில். புது எஞ்சினுக்குப் பழக்கும் காலத்தில் கூடுதலாகக் கேட்பார்கள், கையேட்டைப் பாருங்கள். அவசரத்துக்கு வைத்த டேங்கில் வெறும் பெட்ரோல் இருந்து, அதைப் போட்டு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெயின்ட்டால் டேங்கின் மேலேயே எழுதி வையுங்கள்.

டீசலுக்கு: திரும்பி வரும் எண்ணெயை மறக்காதீர்கள்

நீளமான தண்டின் நுனியில் விசிறி வைத்த லாங்டெயில் டீசல் எஞ்சின்களிலும், படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின்களிலும் பெட்ரோல்காரருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சியது இன்னொரு மெல்லிய குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். சில எஞ்சின்களில் இது சொட்டுச் சொட்டாக, சிலவற்றில் தாராளமாக.

இப்போது இரண்டாவது டேங்க் வைத்து, ஒரு வால்வைத் திருப்பி அதிலிருந்து டீசல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் குழாய் மட்டும் முதல் டேங்கிலேயே இருக்கிறது. எடுப்பது ஓரிடம், போடுவது வேறிடம். இரண்டாவது டேங்க் நீங்கள் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் காலியாகும். முதல் டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக் குழாய் வழியாக வழிந்து படகுக்குள்ளோ ஆற்றிலோ ஊற்றும். அந்தத் தண்ணீரைக் கீழே சேலத்திலும் ஈரோட்டிலும் மக்கள் குடிக்கிறார்கள் என்பது வேறு. ஆகவே டீசலுக்கு இரண்டு டேங்க் என்றால் எடுக்கும் வழிக்கு ஒரு வால்வு, திரும்பும் வழிக்கு ஒரு வால்வு, இரண்டையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் மேலே சொன்ன கதைதான்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டாவது டேங்கை எஞ்சினோடு இணைக்கவே இணைக்காதீர்கள். அது வெறும் சேமிப்பு. முதல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, கைப்பம்பால் அதிலிருந்து முதல் டேங்குக்கு மாற்றுங்கள். எஞ்சினின் பழைய குழாய் அமைப்பு அப்படியே இருக்கும். இதில் ஒரு குறை: சேமிப்பு டேங்கில் தண்ணீர் இருந்தால் அது முதல் டேங்குக்குள்ளும் போய்விடும். சல்லடை வைத்த புனல் வழியாக ஊற்றுவதும், எஞ்சினுக்கு முன்னால் தண்ணீரைப் பிரிக்கும் பில்டர் வைப்பதும் அதற்குப் பரிகாரம். ஆரம்பத்தில் இருப்பவருக்கு இந்த முறையே போதும் என்பது என் கருத்து.

செய்யவே கூடாதது, படகின் இடமும் வலமும் ஒவ்வொரு டேங்க் வைத்து இரண்டின் அடியையும் ஒரு குழாயால் இணைத்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், இரண்டும் சமமாகத் தீரும். ஆனால் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் மேல்பக்க டேங்கின் டீசல் கீழ்ப்பக்கத்துக்கு ஓடும். இரண்டு சின்ன டேங்க் வைத்ததால் கிடைத்த பாதுகாப்பெல்லாம் அந்த ஒரு குழாயில் போய்விடும். இணைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் வால்வு வைத்து, ஓடும்போது மூடியே வையுங்கள்.

நிரந்தர டேங்க் பற்றிக் கொஞ்சம்

பெட்ரோலுக்குப் படகுக்குள் நிரந்தர டேங்க் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. படகின் அடிப்பகுதியில் குளம்போலத் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றப் போதும். கரையில் கொட்டினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கிண்ணம் போன்ற படகுக்குள் கொட்டினால் போகாது. நிரந்தர டேங்க் என்றால் நிரப்பும் வாய் படகுக்கு வெளியே வழியும்படி இருக்க வேண்டும், காற்றுக் குழாயின் நுனி வெளியே வளைந்து கம்பிவலையோடு முடிய வேண்டும், டேங்க் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், உலோகப் பாகங்களை ஒயர் போட்டு ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இவ்வளவையும் செய்யத் தெரிந்த பட்டறைக்காரர் கிடைத்தால் சரி.

எதில் செய்வது என்பதும் முக்கியம். துத்தநாகம் பூசிய தகரத்தில் டீசல் வைக்காதீர்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பில்டரை அடைக்கும் பிசுக்கை உண்டாக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. படகு அடிக்கும் அதே ஃபைபர் பிசினில் பெட்ரோல் டேங்கும் அடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எத்தனால் அந்தப் பிசினை மெல்ல மெல்ல இளக்கிவிடும். இளகியது கார்புரேட்டரில் போய் ஒட்டும். 20 லிட்டர் குடிநீர் கேன், பழைய சமையல் எண்ணெய் டின் எல்லாம் வேண்டவே வேண்டாம். எரிபொருளுக்கென்றே செய்த கனமான பாலிஎத்திலீன் டேங்குதான் சின்னப் படகுக்கு ஏற்றது. பழைய பெட்ரோல் டேங்கில் ஓட்டை என்றால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்குக்குள் மிஞ்சிய ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

நிரப்புவதும் கொண்டுவருவதும்

தூக்கும் டேங்கைப் படகிலேயே வைத்து நிரப்பாதீர்கள். கரையில் இறக்கி, தரையில் வைத்து, புனலோ குழாயோ டேங்கின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்க வாய்ப்பு உண்டு. பீடிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம். பெட்ரோல் ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். விடியற்காலைக் குளிரில் நிரப்பிய 25 லிட்டர், மதிய வெயிலில் இருபது டிகிரி ஏறினால் அரை லிட்டர் கூடும். மூடி இறுக்கமாக இருந்தால் டேங்க் உப்பும், தளர்ந்திருந்தால் வழியும். நூற்றுக்குத் தொண்ணூறு நிரப்பினால் போதும். டேங்க் மேல் ஈரச் சாக்கு போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

வீட்டில் சேர்த்து வைப்பவர்கள் கவனிக்க: 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம், அதிலும் உலோகக் கலம் ஒன்று 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. எஞ்சினோடு இணைந்த டேங்கில் இருப்பதற்குத் தனி விதி உண்டு. டீசலுக்கு வரம்பு மிகவும் தாராளம். மாதத்துக்கு வேண்டிய பெட்ரோலை மொத்தமாக வாங்கி மாட்டுக்கொட்டகையில் வைக்கும் பழக்கத்துக்கு இந்தச் சட்டமும் இடம் தராது, மாடும் தராது.

இன்னொரு காரணத்தாலும் மொத்தமாக வாங்க வேண்டாம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனியாகத் தங்கும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். அவசரத்துக்கென்று மாதக்கணக்கில் தொடாமல் வைத்த டேங்க், அந்த அவசரத்தில் கைவிடுவது இப்படித்தான். ஆகவே இரண்டு டேங்கையும் முறை வைத்துப் பயன்படுத்துங்கள்: இந்த வாரம் இதில் ஓட்டினால் அடுத்த வாரம் அதில். தண்ணீர் இறங்கி படகைக் கரையேற்றும் மாதங்களில் இரண்டையும் காலி செய்து, அந்தப் பெட்ரோலை பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுங்கள். 2டி கலந்தது என்றால் மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் ஸ்பிரேயருக்கு ஆகும். மறுபடி படகை இறக்கும்போது ஓஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், உருண்டை பிசுபிசுத்தால், ஒட்டுப் போடாமல் புதிது மாற்றுங்கள்.